எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் ஐந்து வருடம்

எங்கள் அலுவலகத்தில் மூன்று நோட்டுகள் இருந்தன. மனு நோட்டு, கல்யாண நோட்டு, சாவு நோட்டு. முதல் இரண்டும் மேசை மேலேயே கிடக்கும். சாவு நோட்டு மட்டும் எப்போதும் என் சட்டைப் பையில். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தாலும் எழுந்து விளக்கைப் போட்டு அதில் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். பெயர், தெரு, யாருக்கு என்ன உறவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எடுப்பதற்கு முன்னால் அண்ணன், அதாவது எங்கள் எம்.எல்.ஏ., மாலையோடு அங்கே நிற்க வேண்டும். எடுத்த பிறகு போய் நிற்பது, போகாமலே இருப்பதைவிட மோசம்.

2011 மே மாதத்திலிருந்து 2016 மே வரை புதுச்சேரியில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக இருந்தேன். தொகுதியையும் கட்சியையும் சொல்லப் போவதில்லை. மொத்தமே 30 தொகுதி. அதில் காரைக்காலில் 5, மாஹேயில் ஒன்று, ஏனாமில் ஒன்று போனால் எங்கள் பக்கம் 23தான். ஒரு துப்புக் கொடுத்தாலும் ஆளைப் பிடித்துவிடுவீர்கள். அதற்கு முன் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வாசலில் ஒரு பெஞ்சு போட்டு மனுவும் எழுதிக் கொடுப்பேன். அண்ணன் தேர்தலில் நின்றபோது வேட்புமனுவோடு சேர்க்க வேண்டிய பிரமாணப் பத்திரத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஜெயித்ததும் கூப்பிட்டார். "நீ எழுதுற மனுவெல்லாம் இனிமே எனக்குத்தான் வரப் போவுது. அதுக்கெல்லாம் பதிலையும் நீயே எழுதிடு" என்றார்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் அவர்கள் மனதில் வருவது கொடி கட்டிய கார், பின்னால் நாலு வண்டி. எங்கள் ஊர்க் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக இரண்டரை லட்சம் வாக்காளர்கள் போல இருப்பார்கள். புதுச்சேரியில் ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம். வீடுகளாக எண்ணினால் சில ஆயிரம், அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் அத்தனை வீட்டு வாசலையும் மிதித்துவிட முடியும். முடியும் என்பதால் மிதித்தே ஆக வேண்டும். "எதிர் வீட்டுக்கு வந்தியே தம்பி, எங்க வீட்டுப் படி ஏறினா கால் தேஞ்சிடுமா?" என்று ஒரு அம்மா நடுத்தெருவில் வைத்துக் கேட்டார். வெற்றி வித்தியாசம் பல தொகுதிகளில் சில நூறு ஓட்டு, மிஞ்சினால் இரண்டு மூன்று ஆயிரம். இரண்டு தெரு கோபித்துக்கொண்டால் ஆள் காலி.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். நடுவில் 38 வருடம். அப்படி ஜெயித்து வந்த கவுன்சிலர்களின் காலமும் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த ஐந்து வருடமும் தேர்தல் இல்லை. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து எல்லாமே அதிகாரிகள் கையில். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவார்கள்? நாய் செத்துக் கிடந்தால்? குப்பை வண்டி நாலு நாள் வராவிட்டால்? சட்டம் இயற்ற அனுப்பிய ஆள் வீட்டு வாசலுக்குத்தான். நாங்கள் அரைக் கவுன்சிலர், கால் பஞ்சாயத்துத் தலைவர், மிச்சமிருந்த கொஞ்சத்தில்தான் எம்.எல்.ஏ.

காலை ஆறு மணிக்கே வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். அண்ணி டீ போட்டு ஒரு பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுவார். வருகிறவர்கள் கேட்பதை ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். முதலிடம் மஞ்சள் கார்டைச் சிவப்பாக்கித் தரச் சொல்வது. புதுச்சேரியில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு ரேஷன் அட்டை, மற்றவர்களுக்கு மஞ்சள். சிவப்புக்குத்தான் சலுகை என்பதால் மாடி வீட்டுக்காரர்கூட "நான் கஷ்டப்படுறவன் சார்" என்று வந்து நிற்பார். அடுத்தது முதியோர் உதவித்தொகை. அப்புறம் கல்வீடு கட்டும் திட்டத்தில் அடுத்த தவணை. ஜூன், ஜூலை வந்தால் சென்டாக் என்கிற உயர்கல்விச் சேர்க்கைக் குழு மூலம் பிள்ளைக்கு சீட். வருடம் முழுக்கத் தீராதது வேலை: பொதுப்பணித் துறையில் நிரந்தரமில்லாத வவுச்சர் ஊழியராகவாவது சேர்த்துவிடச் சொல்லி, பட்டப்படிப்பு முடித்த பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வரும் அப்பாக்கள்.

இவற்றில் எதையும் எம்.எல்.ஏ. உத்தரவாகப் போட முடியாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அவர் கையெழுத்துப் போட்டால் ஒரு சைக்கிள்கூட வாங்க முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதே என்பீர்கள். அதிலும் அவர் பரிந்துரைதான் செய்யலாம். மதிப்பீடு போடுவது, டெண்டர் விடுவது, பணம் கொடுப்பது எல்லாம் துறை. அவர் கையில் இருப்பது லெட்டர்பேடு, செல்போன், சட்டசபையில் ஒரு நாற்காலி. இந்த மூன்றையும் எப்படிப் பிடிப்பது என்று தெரிந்தவர் பிழைப்பார்.

லெட்டர்பேடிலிருந்து தொடங்குகிறேன். முதல் மூன்று மாதம் கேட்டவருக்கெல்லாம் பரிந்துரைக் கடிதம் கொடுத்தோம். ஒரு நாள் ஒரு அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த பெரிய எழுத்தர் என்னை உட்காரவைத்து, அலமாரியைத் திறந்து ஒரு கட்டைக் காட்டினார். எல்லாம் எங்கள் கடிதம். "தம்பி, நாற்பது பேருக்கும் 'இவர் மிகவும் ஏழை, உடனடியாக ஆவன செய்யவும்'னு எழுதியிருக்கீங்க. இதுல யாரு நெசமா ஏழைன்னு நீங்களே சொல்லிடுங்க, செஞ்சிடுறேன்" என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றினோம். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் கடிதம் கிடையாது. உண்மையிலேயே அவசரமான மனுவுக்குக் கீழே அண்ணன் பச்சை மையில் ஒரு வரி தன் கையால் எழுதுவார். 'நேரில் பார்த்தேன்' என்று மட்டும். அந்த ஒரு வரிக்கு நாளடைவில் மதிப்பு வந்தது. மாதத்துக்கு பத்துக்கு மேல் அப்படி எழுத விடமாட்டேன்.

நீங்கள் மனு கொண்டுபோகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். 'மாண்புமிகு, பாசமிகு' என்று நாலு வரி போட்டுவிட்டு விஷயத்தைக் கடைசியில் சொருகாதீர்கள். முதல் வரியிலேயே என்ன வேண்டும், எந்தத் துறை, ஏற்கெனவே எங்கே எப்போது கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நிலம், மனை, வாய்க்கால் சம்பந்தப்பட்டதென்றால் சர்வே எண் இல்லாமல் வரவே வராதீர்கள். அப்புறம், எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் தபால் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். எண் இல்லாத மனு பிறக்காத பிள்ளை மாதிரி. எம்.எல்.ஏ. போன் செய்து "அந்த விஷயம் என்னாச்சு" என்று கேட்டால் "பார்க்கிறேன் சார்" என்பார்கள். "பதினேழாம் தேதி, உங்க தபால்ல இந்த நம்பர்" என்று சொன்னால்தான் யாராவது நாற்காலியை விட்டு எழுந்து கோப்பைத் தேடுவார்கள்.

சர்வே எண் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு கதை இருக்கிறது. புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் பிரதேசம் ஒரே துண்டாக இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே வாங்கிய ஊர்கள், நடுநடுவே தமிழ்நாடு. வடக்கேயும் மேற்கேயும் விழுப்புரம் மாவட்டம், தெற்கே கடலூர். சில இடங்களில் வீதிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எங்கள் தொகுதி ஓரத்தில் அப்படி ஒரு தெரு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். வாய்க்கால் இருக்கிறது, ஆனால் ரோட்டைக் கடக்கிற இடத்தில் பழைய குழாய் ஒன்று நசுங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு சிறு பாலம் போட்டால் தீர்ந்தது. அவ்வளவுதான் வேலை.

கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போனோம். ரோடு பொதுப்பணித் துறையுடையது என்றார்கள். பொதுப்பணித் துறை சாலைப் பிரிவுக்குப் போனோம். வாய்க்கால் பாசனப் பிரிவு என்றார்கள். பாசனப் பிரிவு ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) நல்ல மனிதர், பைக்கை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தண்ணி போய் விழுற இடம் தமிழ்நாட்டு சர்வே நம்பர்ல வருது சார். நாம அகலமாத் திறந்துவிட்டா அந்தப் பக்கத்து வயல்காரன் மண்வெட்டியோட வருவான்." அதுவும் நடந்தது. அளக்கப் போன அன்று வயல்காரர்கள் நாலு பேர் வரப்பில் நின்றார்கள். அண்ணன் தனியாகப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அதில் ஒருவருக்கு எங்கள் தொகுதியில்தான் பெண் கொடுத்திருந்தது. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு பேசி, தண்ணீரை வயலுக்குள் விடாமல் ஓரமாகவே கொண்டுபோய் ஓடையில் விடுவது என்று முடிவானது. இதற்கே ஒன்றரை வருடம். கோப்பு அப்புறம்தான் தொடங்கியது.

இனி சட்டசபை. பாரதி பூங்காவுக்கு எதிரே, ஆளுநர் மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் பேரவை. உள்ளே போனால் இது மாநிலச் சட்டசபையா, பெரிய குடும்பத்துப் பஞ்சாயத்தா என்ற சந்தேகம் வரும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். அதற்கு மேல் மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். 1963ஆம் வருடத்து யூனியன் பிரதேசங்கள் சட்டத்தில் அப்படி இருக்கிறது. முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் 6 பேர்தான். மாஹேக்காரர் பேச்சில் மலையாள வாடை, ஏனாம்காரர் பேச்சில் தெலுங்கு. ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சாக இருந்திருப்பார்கள். உள்ளே மேசையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து ஒரே தட்டில் வடை எடுப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

கூடுகிற நாள்கள் குறைவு. இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது சட்டம். பட்ஜெட்டுக்கும் மத்திய அரசின் ஒப்புதல் வர வேண்டும். அது தாமதமாகி, மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு முழு பட்ஜெட்டை ஜூலை, ஆகஸ்டில் போடுவது பல வருடங்களில் நடந்திருக்கிறது. அதனால் எங்கள் தொகுதி வேலைகளும் ஆடி மாதம் வரை அந்தரத்தில் தொங்கும். "பட்ஜெட் வரட்டும்" என்ற வார்த்தையை நான் சொன்ன அளவுக்கு என் பெண்டாட்டி பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி எழுதுவது என் வேலை. முதல் வருடம் வீராவேசமாக எழுதினேன். 'மக்கள் படும் அல்லலை அரசு அறியுமா?' என்கிற மாதிரி. பதில் 'அறியும்' என்று வந்தது. ஒரு வார்த்தை. அதற்கு என்ன துணைக் கேள்வி கேட்பது? பிறகுதான் அனுபவப்பட்ட ஒரு மூத்த உறுப்பினரின் உதவியாளர் சொல்லிக் கொடுத்தார். 'ஏன்' என்று கேட்காதே. எத்தனை, எப்போது, எந்த ஆணைப்படி, எவ்வளவு தொகை என்று கேள். எண்ணும் தேதியும் கேட்டால் அந்தத் துறையில் ஒருவர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அமைச்சர் மேசைக்குப் போகிற பதில் என்பதால் தூசி தட்டி எடுப்பார்கள். கேள்வி அவையில் எடுக்கப்படாமலே போனாலும் நஷ்டமில்லை, எழுத்தில் பதில் வந்துவிடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு வருடம் துரத்தலாம். சாதாரண ஆளுக்குத் தகவல் உரிமைச் சட்டம் செய்கிற வேலையை எம்.எல்.ஏ.வுக்குக் கேள்வி நேரம் செய்கிறது.

அரசாங்கப் பதில்களுக்கு ஒரு அகராதி உண்டு. 'பரிசீலனையில் உள்ளது' என்றால் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. 'நிதிநிலைக்கு ஏற்ப மேற்கொள்ளப்படும்' என்றால் இந்த வருடம் இல்லை. 'ஆவன செய்யப்படும்' என்றால் நீங்கள் கேட்பதை நிறுத்தினால் நன்றாக இருக்கும். 'அத்தகைய கருத்துரு எதுவும் இல்லை' என்பதுதான் எனக்குப் பிடித்த பதில். அதில் பொய் இல்லை. உடனே உட்கார்ந்து கருத்துருவை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வேலை அங்கிருந்து தொடங்கும். எங்கள் பாலத்துக்கு முதலில் கிடைத்தது இந்தப் பதில்தான். அன்று நாங்கள் சந்தோஷப்பட்டதைப் பார்த்து வாசலில் இருந்தவர்கள் ஏதோ ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள்.

அந்தக் கேள்வி வந்த நாளில்தான் ஒரு தப்பும் நடந்தது. முந்தின ராத்திரி ஒரு தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். பகல் பன்னிரண்டுக்கு எடுக்கிறார்கள் என்று நோட்டில் எழுதியிருந்தேன். கேள்வி பத்தரைக்குள் முடிந்துவிடும், போய்விடலாம் என்பது என் கணக்கு. அவையில் வேறொரு விஷயத்துக்கு அமளி, வெளிநடப்பு, கேள்வி இழுத்துக்கொண்டே போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுப் பெரிய மகன் அமைதியாகத்தான் சொன்னார். "சபையில கேள்வியெல்லாம் கேட்டீங்களாமே. இங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே, சார்." அதுவரை அவர் அண்ணனை 'சார்' என்று கூப்பிட்டதில்லை. 'மாமா' என்பார்.

அண்ணன் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அவர் இருக்க வேண்டிய இடம் அவைதான். ஆனால் அவையில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை, சாவு வீட்டில் இல்லாததை ஒரு தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். சபை நாள்களில் அண்ணி போவார், முதல் மாலை அண்ணி கையால். அண்ணன் அன்று இரவோ மறுநாள் பாலுக்கோ போய் உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டுப் பெண்கள் அண்ணியிடம் சொன்ன விஷயங்களில் பாதி எங்களிடம் வந்திருக்கவே வராது. எந்தப் பைப்பில் தண்ணீர் வரவில்லை, எந்தச் சாராயக்கடை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எல்லாம். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

தானே புயலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஐந்து வருடத்தைச் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை எங்களுக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. ராத்திரி முழுக்கக் காற்று ஊளையிட்டது. விடிந்து வெளியே வந்தால் தெருவையே காணோம், மரமாகக் கிடக்கிறது. பதவிக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் லுங்கியோடு வெளியே வந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அரிவாள் யார் வீட்டுல இருக்கு?" என்றார்.

அன்று மாலைக்குள் பிரச்சினை மரம் இல்லை, தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிறையாது. ஜெனரேட்டர் தேடி அலைந்தோம். கல்யாணப் பந்தல்காரரிடம் இரண்டு இருந்தன. வாடகை நாலு மடங்கு கேட்டார். பேரம் பேச நேரமில்லை, அண்ணி வளையலைக் கழற்றிக் கொடுத்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் அண்ணி அந்தப் பந்தல்காரரின் அம்மாவுக்குப் போன் போட்டார். வாடகை பழைய நிலைக்கு வந்தது. ஒரு தொட்டிக்கு மூன்று மணி நேரம் ஓட்டுவது, பிறகு மாட்டு வண்டியில் ஏற்றி அடுத்த தொட்டிக்கு. டீசல் கேன்களை நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன், பைக் போக வழியில்லை. எங்கள் பக்கம் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. சில தெருக்களுக்கு அதற்கும் மேல்.

அந்த ஒன்பது நாளில் நான் கற்றது, பட்டியல் போடாமல் ஒரு கூரைத் தகடுகூடக் கொடுக்கக் கூடாது என்பது. முதல் நாள் ஒரு லாரி நிறைய பிரெட்டும் பாலும் வந்தது. தெருமுனையில் நிறுத்திக் கொடுத்தோம். பலசாலிகள் மூன்று முறை வாங்கினார்கள், கடைசி வரிசைக் குடிசைக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்தோம். தேர்தலுக்காக வீடுவாரியாகப் பென்சிலில் குறித்து வைத்திருந்த அதே பட்டியல். அதை வைத்துக்கொண்டு குடிசையிலிருந்து தொடங்கி உள்ளே வந்தோம். அரசு கணக்கெடுப்பு வந்தபோதும் எங்கள் பட்டியல்தான் உதவியது. எதிர்க்கட்சித் தெரு என்று விட்டுவிடலாம் எனச் சொன்னவர்களும் இருந்தார்கள். அண்ணன் அவர்களிடம், "தண்ணி கொடுக்கறப்ப கட்சி கேட்டா என் பாட்டி கனவுல வந்து அடிப்பா" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சம்பளமும் படியும் வரும், மாலைக்கும் மொய்க்கும் போகும். ஒரு ஆவணி முகூர்த்தத்தில் ஒரே நாளில் பதினான்கு பத்திரிகை. தலைக்கு ஐந்நூறு வைத்தாலும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கோயில் திருவிழா, கபடிப் போட்டி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருகிறவர்கள். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல பேர் தப்பான வழிக்குப் போகிறார்கள் என்பது என் எண்ணம். எல்லோரும் பேராசைக்காரர்கள் இல்லை. முதலில் மொய்க்குக் கடன் வாங்குவார்கள், கடன் கொடுத்தவர் ஒப்பந்தக்காரராக இருப்பார், அப்புறம் அவர் ஒரு கோப்பைப் பற்றிப் பேசுவார். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் பழக்கூடையோடு வந்தார். கூடைக்கு அடியில் கவர். அதைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். பழத்தை வைத்துக்கொண்டோமா என்று கேட்காதீர்கள். வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் ஏற்கெனவே ஆப்பிளைக் கடித்துவிட்டார்கள்.

இந்த உதவியாளர் வேலைக்கு வர நினைக்கும் தம்பிமார்கள் தேர்தல் கணக்கை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எழுத வேண்டும். 2016இல் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலுக்குச் செலவு உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய், 2021இல் 22 லட்சம் ஆனது. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். ஆணையம் ஒரு பதிவேடு கொடுக்கும். அதில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரசாரத்தின்போதே செலவுப் பார்வையாளர் மூன்று முறையாவது அதைப் பார்ப்பார். நாம் எழுதுவது ஒரு பக்கம் இருக்க, அவர்கள் வீடியோ எடுத்துத் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். நாம் நூறு நாற்காலி என்று எழுதி, அவர்கள் வீடியோவில் இருநூறு எண்ணியிருந்தால் நோட்டீஸ் வரும். எனக்கு வந்தது. பக்கத்துக் கல்யாண வீட்டு நாற்காலிகளையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையையும் பந்தல்காரர் ரசீதையும் கொண்டுபோய்க் காட்டித்தான் தப்பித்தேன். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். ஜெயித்தவர்கள் கொண்டாட்டத்தில் மறப்பார்கள், தோற்றவர்கள் சோகத்தில் மறப்பார்கள்.

நாங்கள் இரண்டாவது ரகம். 2016 மே 19, வாக்கு எண்ணிக்கை. முதல் சுற்றுகளில் முன்னால் இருந்தோம். கடைசி இரண்டு சுற்றில் கீழே போனோம். சில நூறு ஓட்டில் தோல்வி. எந்த வாக்குச்சாவடியில் சரிந்தது என்று நான் பார்த்தேன், அண்ணன் பார்க்க வேண்டாம் என்றார். பார்த்துவிட்டேன். சொல்தா வீடு இருந்த தெரு அதில் ஒன்று. அந்தத் தெரு மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை, வேறு பத்துக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தத் தாளை நான் மடித்து வைத்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை வாசலில் ஏழு ஜோடி செருப்பு. அதற்கு முந்தின வாரம் நாற்பது இருந்திருக்கும். அண்ணி அதே பிளாஸ்க்கில்தான் டீ வைத்தார். வந்தவர்களில் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை விஷயமாக. "பாட்டி, நாங்க தோத்துட்டோம்" என்றேன். "அது தெரியும் தம்பி, என் மனு நம்பர் உங்கிட்டதான இருக்கு" என்றார். இருந்தது. கணக்கைத் தாக்கல் செய்த கையோடு மனு நோட்டில் முடியாமல் நின்றிருந்ததையெல்லாம் தனியாகப் படியெடுத்து, புதிதாக வந்தவரின் உதவியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் சிலருக்கு அதில் வருத்தம்தான். அண்ணன்தான் கொடுக்கச் சொன்னார்.

பாலம் அடுத்த வருடம் மழைக்கு முன்னால் முடிந்தது. புதியவர் ரிப்பன் வெட்டினார். பேனரில் எங்கள் பெயர் இல்லை, இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார், நான் ஓட்டினேன். கூட்டத்துக்குப் பின்னால் டீக்கடை ஓரமாக நின்றோம். வரப்பில் மறித்த வயல்காரர் ஒருவரும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு நின்றுகொண்டார். பட்டாசு வெடித்து, எல்லோரும் லட்டு வாங்கக் கலைந்த பிறகு அண்ணன் பாலத்தின் மேல் ஏறி நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் அகலம் பத்தாது போலிருக்கே" என்றார். "ஜே.இ. நம்பர் வச்சிருக்கியா?"